பயிர் காட்டும் பழைய வரப்பு

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



இந்த வாரம் உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. வரப்பைப் பற்றியும் குழியைப் பற்றியும் பேசப் போகிறேன். "வரப்பைப் பற்றி எங்களுக்கே சொல்லித் தர வந்துவிட்டாரா இவர்?" என்று உங்களில் சிலர் கேட்பது எனக்கு இங்கேயே காதில் விழுகிறது. நான் சொல்வது நீங்கள் நடந்து போகிற வரப்பு அல்ல. ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒரு குடியானவர் போட்டு, பிற்பாடு மண்ணோடு மண்ணாகிப் போன வரப்பு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே நிற்கிற பயிருக்குத் தெரியும்.

இந்த விஷயம் எனக்கு எப்படிப் புரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மானாவாரி நிலக்கடலைப் பகுதி. ஒருநாள் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். "சார், என் காட்டிலே நடுவாலே ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையா நிக்குது. மழை தவறின வருஷமெல்லாம் இப்படித்தான். மத்த இடமெல்லாம் வாடிப் போகுது. என்ன சத்துக் குறைச்சல்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூன்று முழ அகலத்தில், கயிறு பிடித்துக் கோடு போட்டாற்போல ஒரு பச்சைப் பட்டை காட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று. மண் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினேன். முடிவு வரும் வரையிலாவது பொறுத்திருக்கலாம். படித்துவிட்டு வந்த துடிப்பு. வாடுகிற இடத்துக்கெல்லாம் தழைச்சத்தும் ஜிப்சமும் கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டேன். அவர் கடன் வாங்கிப் போட்டார். ஈரமில்லாத காட்டில் உரம் என்ன செய்யும்? பட்டை பட்டையாகவே நின்றது. பிறகு வந்த ஆய்வு முடிவில், பட்டையிலும் வெளியிலும் சத்து ஏறக்குறைய ஒன்றுதான் என்று இருந்தது.

அவருடைய தாயாருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே, "அது பழைய வாய்க்கா தடம்டா. என் மாமியா காலத்துலேயே தூர்ந்து போச்சுன்னு சொல்லுவாங்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் மண்வெட்டி எடுத்துப் பட்டைக்குக் குறுக்கே தோண்டிப் பார்த்தோம். பட்டைக்கு வெளியே ஒரு முழத்தில் சுக்கான் தட்டியது. பட்டைக்குள்ளே இடுப்பளவுக்கு மண் மெத்தென்று இறங்கிக்கொண்டே போயிற்று. வித்தியாசம் சத்தில் இல்லை, ஆழத்தில் இருந்தது. அந்த உரக் கடனை அடைக்க அவருக்கு இரண்டு வெள்ளாமை ஆயிற்று. அதற்குப் பிறகும் என்னை எங்கே கண்டாலும் "வாங்க தம்பி" என்பாரே தவிர, ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு ரொம்பவும் உறைத்தது.

அந்தப் பாட்டி ஒரே வாக்கியத்தில் சொன்னதை, இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளில் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வானத்திலிருந்து பார்த்தவர்

அங்கேயும் முதலில் கண்டவர்கள் குடியானவர்கள்தான். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வில்லியம் கேம்டன் என்றொரு அறிஞர் இங்கிலாந்து முழுக்கச் சுற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ரிச்பரோ என்ற ஊரில், ரோமானியர் கட்டிய பழைய நகரத்தின் மேலே தானியம் விதைத்திருந்தார்கள். பயிர் எழும்பியதும், கீழே தெரு இருந்த இடங்களில் மட்டும் அது மெலிந்து நின்று, தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டதுபோல் தெரிந்ததாம். ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு புனிதரின் சிலுவை என்று பேர் வைத்திருந்தார்கள். கேம்டன் அதைக் கேட்டு எழுதி வைத்தார். அவ்வளவுதான். அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு விமானம் வந்தது. 1886-இல் நம்முடைய பம்பாயில் பிறந்தவர் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு. குழந்தையிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்து, இங்கிலாந்தில் அத்தைமார்களிடம் வளர்ந்தார். முதல் உலகப் போரில் விமானத்தில் உட்கார்ந்து கீழே எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை செய்தார். எதிரியிடம் சிறைப்பட்டும் இருந்தார். 1920-இல் அந்நாட்டின் நில அளவை இலாகாவில் தொல்லியல் அதிகாரியாகச் சேர்ந்தார். 1922-இல் விமானப் படை அதிகாரி ஒருவர், ஹாம்ப்ஷயர் பகுதியில் மேலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுவந்து, "இதில் ஏதோ கோடுகள் தெரிகிறதே, என்னவென்று பாருங்கள்" என்று காட்டினார். கிராஃபோர்டுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மொட்டையாகக் கிடந்த மேய்ச்சல் தரையிலும், உழுத காட்டிலும், கட்டம் கட்டமாகச் சின்னச் சின்ன வயல்கள். அந்த நாட்டுக்கு ரோமானியர் வருவதற்கும் முந்திய காலத்து வயல்கள் பல. நடந்து போகிறவன் காலடியில் தட்டுப்படாதது, ஆயிரக்கணக்கான அடி மேலே போனதும் கோலம் போல் தெரிந்தது.

மூன்று விதமாக அது தெரியும் என்றார்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது, அரை முழ மேடு கூட நீளமாக நிழல் போடும். இது ஒன்று. உழுத மண்ணில், பழைய பள்ளம் இருந்த இடம் கறுப்பாகவும், பழைய மண்மேடு கரைந்த இடம் வெளுப்பாகவும் தெரியும். இது இரண்டு. மூன்றாவதுதான் பயிர்க் குறி. பாறையிலோ சரளையிலோ ஒருகாலத்தில் வெட்டிய பள்ளத்தில் மேல்மண் விழுந்து நிறைந்துவிடுகிறது. அங்கே வேர் ஆழமாகப் போகிறது, ஈரமும் நிற்கிறது. வறட்சி வரும்போது சுற்றிலும் இருக்கிற பார்லி பழுத்து மஞ்சளாகும். பள்ளத்தின் மேல் நிற்பது மட்டும் இன்னும் பச்சையாக, ஒரு சாண் உயரமாகக்கூட நிற்கும். கீழே சுவர் இருந்தால் நேர் எதிர்: அங்கே பயிர் முதலில் காயும். என் பெரியவர் காட்டில் நடந்தது இதேதான். நான்தான் அதைச் சத்துக் குறைச்சல் என்று படித்தேன்.

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெரிய கல்வட்டத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சமீபத்தில் ஒரு வயலில், உழுது தேய்ந்துபோன சமாதி மேடு என்று எல்லாரும் நினைத்திருந்த இடம் ஒன்று உண்டு. 1925-இல் ஒரு விமானி மேலிருந்து அதைக் கவனித்தார். மறு ஆண்டு ஜூலையில் கோதுமை நன்றாக வளர்ந்திருந்தபோது பார்த்தால், பச்சைப் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டமாக! தோண்டினார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலத்தில் பெரிய மரத் தூண் நட்ட குழி. மரம் மக்கிப் போய் நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும், குழியின் ஈரத்தைக் கோதுமை காட்டிக்கொடுத்துவிட்டது.

இதற்கெல்லாம் வறட்சி வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் அயர்லாந்தில் கடும் வறட்சி. விவசாயிகள் தவித்த அதே ஜூலை மாதத்தில், டிரோன் பறக்கவிட்ட இரண்டு பேர், நியூகிரேஞ்ச் என்ற இடத்துக்குப் பக்கத்தில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய வட்டத்தைப் பயிரில் கண்டார்கள். இப்போது நம் ஊரிலேயே மருந்து தெளிக்க டிரோன் வந்துவிட்டது அல்லவா, அதே சாதனம்தான்.

கலப்பை கட்டிய வரப்பு

கிராஃபோர்டு கண்ட அந்தச் சின்ன வயல்கள் கால் ஏக்கரிலிருந்து ஒன்றரை ஏக்கர் வரைதான் இருக்கும். சதுரமாகவோ சதுரத்தை ஒட்டியோ இருந்தன. ஏன் சதுரம்? அவர்களிடம் இருந்தது நம் நாட்டுக் கலப்பை மாதிரி மண்ணைக் கீறுகிற மரக் கலப்பை, புரட்டாது. அப்படிப்பட்ட கலப்பையால் ஒரு சால் உழுதால் போதாது, குறுக்குச் சாலும் ஓட்ட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறுக்கும் நெடுக்கும் உழுகிறவனுக்குச் சதுர வயல்தான் வசதி. பிற்காலத்தில் பல ஜோடி மாடு பூட்டுகிற கனமான கலப்பை வந்ததும், அத்தனை மாட்டையும் திருப்புவது பெரும்பாடாகி, வயல்கள் நீள நீளமான பட்டைகளாயின. வயலின் உருவத்தைப் பார்த்தே கலப்பையைச் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று. சரிவான நிலத்தில் அந்த வரப்புகளை முழுக்க யாரும் மண் சுமந்து போட்டுக் கட்டவில்லை. எல்லையில் புல்லோ, பொறுக்கிப் போட்ட கல்லோ இருந்திருக்கும். ஒவ்வொரு உழவுக்கும் மண் சிறிது சிறிதாகக் கீழே நகர்ந்து வந்து அதன்மேல் தங்கும். அதே எல்லைக்குக் கீழ்ப்புறத்தில் மண் குறைந்துகொண்டே போகும். பல தலைமுறை கழித்துப் பார்த்தால் ஆள் உயரப் படி! நம் மலையடிவாரக் காடுகளில் இதை நீங்களே பார்க்கலாம். மண் அரிப்பு என்று நாங்கள் பாடம் நடத்துகிறோம். அதுவே அங்கே சரித்திரமாகிவிட்டது.

குறுக்கும் நெடுக்கும் என்றேனே, அதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ராஜஸ்தானில் காலிபங்கன் என்ற ஊர். 1960-களில் பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் தலைமையில் நடந்த அகழாய்வில், சிந்துவெளி நகரத்துக்கும் முந்திய காலத்தில் உழுது விட்ட வயல் ஒன்று, சால் அழியாமல் மண்ணுக்கடியில் கிடைத்தது. ஏறக்குறைய 4,800 ஆண்டுப் பழமை. கிழக்கு மேற்காக ஓர் அடிக்கு ஒரு சால்; வடக்குத் தெற்காக ஆறடிக்கு ஒரு சால். இது என்ன கணக்கு என்று ஆராய்ச்சிக்காரர்கள் யோசித்தபோது, பக்கத்து வயல்களில் அன்றைக்கும் அதே மாதிரி உழுதிருந்ததைப் பார்த்தார்கள். நெருக்கமான சாலில் கொள்ளு, அகலமான சாலில் கடுகு. ஊடுபயிர்! அந்த ஊர் விவசாயியிடம் கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சாலுக்கு அர்த்தம் தெரிந்திருக்காது.

கம்பி குத்திக் கண்ட வயல்கள்

எனக்கு இந்த விமானக் கதைகளைவிட மனசுக்குப் பிடித்தது அயர்லாந்துக் கதை. அதில் செலவே இல்லை.

அயர்லாந்தின் வடமேற்கில் மேயோ என்ற மாவட்டம். கடலோரம், ஓயாத மழை. நிலமெல்லாம் பீட் என்கிற சதுப்புக் கரிமண். அது எப்படி உண்டாகிறது என்றால், தண்ணீர் வடியாமல் நிற்கிற இடத்தில் செடி மக்காது. காற்றுப் போகாமல் புளித்துப் போய் அடுக்கடுக்காகச் சேரும். அதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அந்த ஊர்க்காரர்கள் அடுப்பெரிப்பார்கள். பெல்டெரிக் என்ற ஊரில் பேட்ரிக் கால்ஃபீல்டு என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். 1930-களில், கரிமண் வெட்டும்போது அடியில் கற்கள் தட்டுப்படுவதைக் கவனித்தார். கல் இருப்பது அதிசயமில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசையாக இருந்தது. கரிமண்ணுக்கு மேலே இல்லை, அடியிலே இருந்தது. அப்படியானால் கரிமண் வளர ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மனிதன் அங்கே கல்லை அடுக்கியிருக்க வேண்டும். இதை எழுதி டப்ளின் நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். காரியம் அதோடு நின்றது.

அவர் மகன் சீமஸ் கால்ஃபீல்டு வளர்ந்து தொல்லியல் படித்தார். 1970-களில் ஊருக்கே திரும்பி வந்து, தகப்பனார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கரிமண் சில இடத்தில் 4 மீட்டர் ஆழம். அத்தனையையும் தோண்டிப் போடுவது யாராலும் ஆகாது. அவர் எடுத்தது ஒரு நீள இரும்புக் கம்பி. கரிமண் வெண்ணெய் மாதிரி. கம்பி சரசரவென்று இறங்கும். கீழே பழைய தரை வரும்போது நிற்கும். ஒரு காலடி தள்ளிக் குத்தினால் மறுபடியும் அதே ஆழம். இன்னும் ஒரு காலடி தள்ளினால், திடீரென்று பாதியிலேயே "டக்" என்று கல். அந்த இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு வைப்பது. இப்படியே நாள் முழுக்கக் குத்திக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் மூங்கில் குச்சிகள் நேர்வரிசையாக நிற்கும். அதுதான் சுவர்.

ஆண்டுக்கணக்கில் இதைச் செய்ததில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த வயல்கள் வெளிப்பட்டன. அதாவது 2,500 ஏக்கர். கடலோரத்திலிருந்து உள்நாடு நோக்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நீளச் சுவர்கள், சில 2 கிலோமீட்டர் வரை. அவற்றைக் குறுக்குச் சுவர்களால் பிரித்து வயல்கள். கேஜெ வயல்கள் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் மாடு மேய்க்கிற நிலம். அங்கங்கே சிறிது சாகுபடி. காலம் எப்படித் தெரிந்தது? அந்தப் பகுதிக் கரிமண்ணுக்குள்ளே பைன் மரத்தின் அடிக்கட்டை கிடைத்தது. அந்த மரத்துக்கு வயது ஏறக்குறைய 4,300 ஆண்டு. மரமே கரிமண்ணின்மேல் முளைத்தது. கரிமண் சுவரை மூடியது. ஆகவே சுவர் அதற்கும் முந்தியது. 5,500 ஆண்டு என்று கால்ஃபீல்டும் பெரும்பாலானவர்களும் கணக்கிட்டார்கள். அவ்வளவு பழசில்லை, இன்னும் பிந்தியதுதான் என்று வாதிடுகிறவர்களும் பிற்பாடு வந்தார்கள். சண்டை தீரவில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும், இத்தனை பெரிய நிலத்தைக் கோடு பிசகாமல் பிரிக்க வேண்டுமென்றால், ஊர் கூடி உட்கார்ந்து பேசித்தான் பிரித்திருக்க முடியும். அதில் எத்தனை பங்காளிச் சண்டை நடந்ததோ, அதைக் கம்பி சொல்லாது.

1993-இல் அந்த இடத்தில் பார்வையாளர்களுக்கென்று ஒரு கட்டடம் கட்டித் திறந்தார்கள்.

குழியின் கதை

வரப்பு விஷயம் இது. குழி?

உங்கள் ஊரில் எத்தனை குழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். செங்கல் அறுக்க மண் எடுத்த குழி, சுண்ணாம்புக்கல் எடுத்த குழி, சரளைக் குழி, வீட்டுச் சுவருக்கு மண் எடுத்துக் குட்டையாகிப் போனது. பாதிக்கு மேல் இப்போது தூர்ந்திருக்கும். வெளிநாட்டில் ஒரு வயலை ஆராய இறங்கினால் அவர்களுக்கும் முதலில் அகப்படுவது இந்தக் குழிகளும் எல்லைப் பள்ளங்களும்தான். பொன்னும் பொருளும் கிடைப்பது சினிமாவில்.

குழியைப் படிக்கிற விதம் தனி. முழுக்கத் தோண்டிவிட மாட்டார்கள். ஒரு பாதியைத் தோண்டி, மறு பாதியை அப்படியே நிற்க விடுவார்கள். நிற்கிற முகத்தில் அடுக்குகள் தெரியும். அடியில் மெல்லிசு மெல்லிசாக வண்டல் படிந்திருந்தால், குழி பல மழைக்காலம் திறந்து கிடந்திருக்கிறது. கட்டியும் கல்லுமாகக் கலந்து கிடந்தால், ஒரே மூச்சில் மூடியிருக்கிறார்கள். அடி வண்டலில் கிடக்கிற பானை ஓடு எந்தக் காலத்தது என்று தெரிந்தால், குழி எப்போது வெட்டியது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். நத்தை ஓட்டைப் பார்த்துச் சுற்றிலும் காடா, புல்வெளியா, உழுத நிலமா என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள்.

எது முந்தியது, எது பிந்தியது என்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நம் வீட்டுச் சிமெண்டுத் தளத்தை உடைத்துக் குழாய் போட்டிருந்தால், குழாய் தளத்துக்குப் பிந்தியது. இதற்கு நிபுணர் வேண்டாம். அதே மாதிரி, ஒரு குழி எல்லைப் பள்ளத்தை அறுத்துக்கொண்டு போனால், அந்த எல்லையை யாரும் மதிக்காத காலத்தில் வெட்டிய குழி. பள்ளம் குழியைச் சுற்றி வளைந்து போனால், குழி ஏற்கெனவே அங்கே இருந்தது. இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏழெட்டுக் குழிகள் ஒட்டி ஒட்டி இருக்கும். எல்லாம் ஒரு பக்கத்தில் சுவர் வைத்தாற்போல் நேர்கோட்டில் நின்றுவிடும். அந்தக் கோட்டில் வரப்பும் இருக்காது, பள்ளமும் இருக்காது. ஆனால் அங்கே ஒரு வேலியாவது இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் ஏன் அதே இடத்தில் மண்வெட்டியை நிறுத்துகிறார்கள்? அடுத்தவன் நிலம்! வேலி போய்விட்டது, அதற்குக் கொடுத்த மரியாதை மட்டும் மண்ணில் நிற்கிறது.

ஏன் வயலில் குழி வெட்டினார்கள் என்பதற்குப் பல காரணம். அதில் நமக்கு வேண்டியது ஒன்று. ரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. 79-இல் எரிமலை வெடித்தபோது இறந்தவர், பிரிட்டன் விவசாயிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் நூறடி ஆழத்துக்குக் கிணறு மாதிரி வெட்டுவார்களாம். வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருக்குமாம். எடுப்பது வெள்ளைச் சுண்ணாம்பு மண். அதை வயலில் பரப்பினால் 80 ஆண்டுக்குப் பலன் நிற்கும், தன் ஆயுளில் இரண்டாம் தடவை போட்டவன் கிடையாது என்கிறார். எண்பது ஆண்டு என்பதை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் விஷயம் சரியானது. மழை அதிகமான நிலம் புளிப்பாகும். சுண்ணாம்பு அதை முறிக்கும். நம் நீலகிரியில் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் சுண்ணாம்போ டோலமைட்டோ போடச் சொல்வது இதற்குத்தான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வயல் நடுவே குறுகலான ஆழக் குழிகள் அடிக்கடி வாய் திறக்கும். மேலே மாடோ வண்டியோ போனால் ஆபத்து. பூசாரிகள் ஒளிந்த இடம், தானியக் குதிர் என்றெல்லாம் ஒருகாலத்தில் கதை கட்டினார்கள். கடைசியில் பார்த்தால், பெரும்பாலும் விவசாயி வயலுக்குச் சுண்ணாம்பு எடுத்த குழிதான்.

நார்ஃபோக் பகுதியில் 'கிரைம்ஸ் கிரேவ்ஸ்' என்று ஓர் இடம். அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி நிலம். நானூறுக்கு மேல் பள்ளங்கள். கிரிம் என்ற பழைய தெய்வம் வெட்டியது என்று ஊர்க்காரர்கள் நம்பிப் பேர் வைத்தார்கள். நாமும் அப்படித்தானே? யார் செய்தது என்று தெரியாததையெல்லாம் பாண்டவர் குழி, பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஐவர் தலையில் வைத்துவிட்டோம். 1870-ஐ ஒட்டி, கிரீன்வெல் என்ற பாதிரியார் ஒரு பள்ளத்தை முழுக்கத் தோண்டினார். சுமார் 40 அடி கீழே போயிற்று. அடியில் பக்கவாட்டில் சுரங்கங்கள். இரும்பு கண்டுபிடிக்காத காலத்தில், கோடரி செய்யத் தீக்கல் எடுத்த சுரங்கம் அது. 4,500 ஆண்டுக்கு முந்தியது. அவர்களுடைய கடப்பாரை, மான் கொம்பு. வேலை முடிந்து அங்கேயே போட்டுவிட்டுப் போன கொம்புகள் கிடைத்தன. அவற்றில் ஒட்டிக் காய்ந்திருந்த சுண்ணாம்புச் சேற்றில், பிடித்து வேலை செய்தவனின் கைத்தடம் பதிந்திருந்தது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்துப் பழகிய கைக்கு அந்தத் தடம் அந்நியமாக இருக்காது.

அழித்ததும் காத்ததும்

இத்தனை படித்த நாடு தன் வரப்பை எல்லாம் காப்பாற்றிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும், டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று, பழைய உயிர்வேலிகளைப் பிடுங்க அங்கே அரசாங்கமே மானியம் கொடுத்தது. நூற்றாண்டுக் கணக்கில் நின்ற வேலிகள் மைல் மைலாகப் போயின. அப்புறம் அதே அரசாங்கம் 1997-இல், 30 ஆண்டுக்கு மேற்பட்ட வேலியை முன்கூட்டித் தெரிவிக்காமல் எடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. நான் இதில் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த மானியப் பாரத்தை வீடு வீடாக எடுத்துப் போனவர் என்னைப் போன்ற ஒரு விரிவாக்க அலுவலராகத்தான் இருந்திருப்பார்.

இப்போது தோண்டாமலே பார்க்கிற கருவிகள் வந்துவிட்டன. அதில் ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். கிணறு வெட்ட, போர் போட இடம் பார்க்க வருகிறவர்கள் நாலு கம்பியை மண்ணில் குத்தி மின்சாரம் விட்டுப் பார்க்கிறார்களே, அதே தத்துவம். ஈரமான பழைய பள்ளத்தில் மின்சாரம் சுலபமாகப் போகும். கல் சுவர் தடுக்கும். 1946-இல் இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்ற ஊரில் அட்கின்சன் என்பவர் இதைத் தொல்லியலுக்கு முதன்முதல் பயன்படுத்தினார்.

நம் பக்கத்தில் எல்லை என்பது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. சோழர் செப்பேடுகளில், ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை நடத்தி ஊரைச் சுற்றி வரச் செய்து, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்த செய்தி வருகிறது. அந்தக் கள்ளி வேலியை இன்றைக்கும் கிராமத்தில் வைக்கிறோம். நிலத்தைச் சமப்படுத்த இயந்திரம் வரும்போது, வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது என்ற அவசரத்தில் முதலில் போவதும் அதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்? சமப்படுத்துவதற்கு முன்னால் ஒரு வறட்சி வெயிலில் வயலை உயரமான இடத்திலிருந்து பாருங்கள். கைப்பேசியில் செயற்கைக்கோள் படம் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். உங்கள் சர்வே எண்ணைத் தேடி, கோடு ஏதாவது தெரிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அந்தக் கோடு பழைய வாய்க்காலாக இருந்தால், அதன்மேல் வீடு கட்ட அஸ்திவாரம் போடாதீர்கள். ஒரு பக்கம் இறங்கும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

தோண்டும்போது தாழியோ, உறைகிணறோ, பானை ஓடு குவியலோ வந்தால், நம் ஆட்களுக்கு ஒரு பயம் வருகிறது: "வெளியே சொன்னா காட்டையே எடுத்துக்குவாங்க." இந்தப் பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக உடைத்து மூடிய தாழிகள் பல. பயம் புரிகிறது. ஆனால் கீழடியில் 2014-15-இல் தொடங்கிய அகழாய்வைப் பாருங்கள். விவசாயிகளுடைய தென்னந்தோப்பிலேதான் குழி வெட்டினார்கள். வேலை முடிந்ததும் அவற்றில் பலவற்றை மூடியும் கொடுத்தார்கள். தங்கம், காசு போன்ற புதையல் அகப்பட்டால் சொல்லியாக வேண்டும். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு பேசப்பட்டிருக்கிறது, மறைத்தால்தான் தண்டனை. மற்றப் பொருளாக இருந்தால், எடுக்காமல், கழுவாமல், எந்த இடத்தில் எத்தனை அடி ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். இடத்தை விட்டு எடுத்த ஓடு வெறும் ஓடுதான்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. காட்டை மகன் பார்க்கிறார். போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கடலையைக் காடு முழுக்கப் போட்டுவிட்டு, அந்த மூன்று முழப் பட்டையில் மட்டும் துவரை விதைத்திருந்தார். வேர் ஆழமாகப் போகிற பயிர். ஈரம் கீழே இருக்கிறது. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "ஆத்தா அன்னைக்கே சொல்லிச்சே சார், தடம்னு" என்றார். கடலை வாட ஆரம்பித்திருந்தது. துவரை மார்பளவு நின்றது.